பெட்டிக்குள் மூன்று நாடு

அரியூர்ப் பக்கம் முதல் இடி கேட்டதும் அப்பா எழுந்து போய் வீட்டிலிருந்த ஒயர்களையெல்லாம் பிடுங்கினார். எங்கள் மலையில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இங்கே சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; இடி அடுத்த நாட்டில் உறுமும்போதே பிடுங்கிவிட வேண்டும். தலைக்கு மேல் வரட்டும் என்று இருந்தவர்கள் வீட்டில் டி.வி. கருகியிருக்கிறது. ஒரு வீட்டில் சுவரே பிளந்திருக்கிறது. என் அப்பா கருப்பண்ணன் இந்த விஷயத்தில் ஒருநாளும் அசந்ததில்லை. டி.வி., ஃபிரிட்ஜ், மிக்சி என்று வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வந்தவர், நடு அறையில் புதிதாக முளைத்திருந்த மூன்று ஒயர்களையும் பிடுங்கிச் சுருட்டி வைத்தார்.

அந்த மூன்றில் ஒன்று என் மனைவி ராதிகாவின் பெட்டிக்குப் போவது. அவள் கொல்லையில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா போவதையும் வருவதையும் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேந்தமங்கலத்தில் நவ்ஷாத் என்பவர், அலுவலகங்கள் கழித்துப்போடும் கம்ப்யூட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறார். ஆவணியில் நானும் ராதிகாவும் போய் அவரிடமிருந்து ஒரு பழைய சர்வரை எடுத்துவந்தோம். கிழங்கு மூட்டை கனம் இருந்தது. பஸ்ஸில் அதை ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்துவிட்டு, வளைவுக்கு வளைவு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஏனுங்க, உக்காந்திருக்கறவருக்கு டிக்கெட் எடுத்தாச்சுங்களா?" என்றார் கண்டக்டர்.

"மடியில உக்கார்ற வயசுதானுங்க," என்றாள் ராதிகா. "கனந்தான் கொஞ்சம் சாஸ்தி."

வீட்டுக்கு வந்ததும் அதில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றினாள். பிறகு அதற்குள், இல்லாத மூன்று கம்ப்யூட்டர்களை உண்டாக்கினாள். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல நாள் ஆயிற்று. இருப்பது ஒரே இரும்புப் பெட்டி. ஆனால் உள்ளே ஓடும் ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நம்பிக்கொண்டிருக்கிறது. தனக்கென்று நினைவகம், தனக்கென்று ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு, தனக்கென்று ஒரு முகவரி. பக்கத்திலிருப்பதோடு பேச வேண்டுமென்றாலும் முகவரி போட்டுத்தான் அனுப்புகிறது. மெய்நிகர் இயந்திரம் என்று அதற்குப் பெயர். வீட்டில் நாங்கள் வி.எம். என்றோம். மூன்றுக்கும் மலையிலுள்ள நாடுகளின் பெயரையே வைத்தாள். வாழவந்தி காவல், யார் உள்ளே வரலாம், வரக்கூடாது என்று பார்க்கும். தேவனூரில் தகவல்கள் இருக்கும். திருப்புலியில் எங்கள் மேசைகள் இருக்கும்.

மேசை என்பது திரைதான். என்னிடம் வட்டு செத்துப்போன லேப்டாப் ஒன்று, ஒரு பென் டிரைவின் தயவில் உயிரோடிருந்தது. அதைத் திறந்தால், திருப்புலிக்குள் எனக்கென்று ராதிகா ஒதுக்கியிருந்த திரை வரும். நான் படித்துக்கொண்டிருந்த பக்கம், பாதியில் விட்ட குறிப்பு எல்லாம் அங்கேதான். ஒருநாள் படித்துக்கொண்டிருக்கும்போதே லேப்டாப்பை மூடச் சொன்னாள். தன் கம்ப்யூட்டரில் என் பெயரைப் போட்டுத் திறந்தாள். அதே பக்கம், அதே வரி. நான் வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பவன் எழுந்து போன பிறகும் புத்தகம் திறந்தபடியே காத்திருக்கும் ஓர் இடத்தை அவள் கையால் உண்டாக்கியிருந்தாள். அதை அவளிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "நல்லா இருக்குது" என்றேன்.

"அவ்வளவுதானுங்களா?" என்று சிரித்தாள்.

இதெல்லாம் ஒரு தேர்வுக்காக. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, வேறு கம்பெனிகளின் லினக்ஸ் இயந்திரங்களைத் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்கிறது. வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை ஒன்று அங்கே இருந்தது. சான்றிதழ் போதாது, வீட்டிலேயே ஒரு சோதனைக்கூடம் அமைத்துக் காட்ட வேண்டும், மூன்று மணி நேரம் போனில் பார்ப்போம் என்றார்கள். ஒருவர் இரண்டு முறைதான் எழுதலாம். போன வருடம் இரண்டாவது மணியில் அவள் லேப்டாப் நின்றுபோனது. இது இரண்டாவது முறை. இதற்குப் பிறகு இல்லை.

"கீழ போனா வேற வேலை கிடைக்காதுங்களா, கிடைக்கும்," என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தாள். "எனக்கு இந்த வேலைதான் வேணும். அதையும் இங்கிருந்துதான் செய்யணும். ரெண்டுல ஒண்ண விடுன்னா எத விடறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது அப்பா ஒயரைப் பிடுங்கினார்.

மழை விட்டதும் ராதிகா பெட்டியை எழுப்பினாள். வாழவந்தி எழுந்தது. தேவனூர் எழுந்தது. திருப்புலி எழவில்லை. மூன்று வார உழைப்பில் பெரும்பகுதி அதில்தான் இருந்தது. தினமும் வேலை முடிந்ததும் அதன் நிலையை அப்படியே பிடித்து வைப்பாள். ஏதாவது கெட்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் அந்த நேற்றுகள் எல்லாமே அதே வட்டுக்கோப்புக்குள் இருந்தன. கோப்பே சிதைந்துவிட்டது. திரையில் வெள்ளை எழுத்துகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தன. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அப்பா கதவோரம் வந்து நின்றார். "என்னால ஏதாச்சும் ஆகிப்போச்சா சாமி?"

"நீங்க புடுங்கினது சரிதானுங்க மாமா."

"பின்ன ஏன் மூஞ்சி அப்பிடி இருக்குது?"

"நாந்தான் தப்பு பண்ணிட்டேனுங்க. வேகமா ஓடட்டும்னு, எழுதறத அப்பப்ப பதிய விடாம, சேத்து வெச்சுப் பதியற மாதிரி மாத்தியிருந்தேன். பதியறதுக்குள்ள கரண்டு போயிருச்சு."

அப்பா யோசித்தார். "சரி. இனிமே புடுங்கறதுக்கு மின்ன உன்னயக் கேக்கறேன்."

"வேண்டாங்க. கேக்காமயே புடுங்குங்க."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். திரும்பிப் போய்விட்டார். மறுநாள் காலையில்தான் அவள் மெய்யாகவே அதைச் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. கெட்டுப்போன திருப்புலியைச் சரிசெய்ய அவள் உட்காரவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற இரண்டையும் அழித்தாள்.

"அதுங்க நல்லாத்தானே இருந்துச்சு?" என்றேன்.

"நல்லா இருந்துச்சுங்க. ஆனா எப்பிடி நல்லா இருந்துச்சுன்னு என்ற கைக்குத்தான் தெரியும். எழுத்துல எங்கயும் இல்ல."

அதுவரை ஒவ்வொன்றையும் கையால் கட்டிவந்தவள், இப்போது ஒவ்வொரு படியையும் எழுத ஆரம்பித்தாள். எவ்வளவு நினைவகம், என்ன முகவரி, எது முதலில் வர வேண்டும், யாருக்கு எந்தத் திரை, எல்லாம் சாதாரணக் கோப்புகளில், வரி வரியாக. எழுதி முடித்து ஒரு கட்டளை கொடுத்தால் அந்த வரிகளைப் படித்து இயந்திரம் தானே தன்னைக் கட்டிக்கொள்ளும். மாறுகிற தகவல்கள் மணிக்கொருமுறை வேறொரு வட்டுக்குப் போயின. எழுதிய கோப்புகளை ஒரு பென் டிரைவில் வைத்தாள், என் லேப்டாப்பில் வைத்தாள், மலைக்குக் கீழேயும் ஒன்று இருக்கட்டும் என்று நவ்ஷாத்துக்கு அனுப்பினாள்.

நவ்ஷாத் போன் செய்தார். "என்னக்கா இது, கம்ப்யூட்டர அனுப்பறேன்னீங்க, கடுதாசியாட்டம் இருக்குது?"

"அதாங்க கம்ப்யூட்டர். பத்திரமா வெச்சிருங்க. யு.பி.எஸ். பேட்டரி எப்ப வரும்?"

"நாளைக்கு பஸ்ல ஏத்திர்றேன்க்கா."

அந்த நாளை ஐப்பசி முடிகிறவரை வரவில்லை.

நான் இழந்ததையே நினைத்துக்கொண்டிருப்பவன். தொலைந்துபோன ஒரு நோட்டுப் புத்தகத்துக்காக மாதக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன். இவள் மூன்று வார உழைப்புக்கு ஒரே ஒரு சாயங்காலம் துக்கம் காத்துவிட்டு எழுந்துவிட்டாள். அது மட்டுமல்ல, இழப்பு மறுபடியும் வரும் என்பதை, இந்த மலையில் மழை வரும் என்பதைப்போல, வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டாள். அந்த நாட்களில் நான் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் அவள் அப்பாவைக் கூப்பிட்டாள். "மாமா, இப்ப புடுங்குங்க."

"இடியே இல்லியே கண்ணு."

"இருக்குதுன்னு நெனச்சுக்கங்க."

அப்பா சந்தேகத்தோடு பிடுங்கினார். பெட்டி செத்தது. மறுபடி செருகச் சொன்னாள். மூன்றும் எழுந்து பழைய நிலைக்கு வர நாற்பது நிமிடமாயிற்று. அவள் எங்கே தாமதம் என்று பார்த்து வரிகளைத் திருத்தினாள். "இனிமே உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்பப் புடுங்குங்க. எங்கிட்ட சொல்லக் கூடாது."

அப்பாவுக்கு இது பிடித்துப்போனது. வாழ்நாளெல்லாம் இடி சொன்னபோது பிடுங்கியவருக்கு, தானே இடியாகிற வாய்ப்பு. காட்டுக்குப் போகும்முன் ஒன்று, சாப்பிட்டு எழுந்ததும் ஒன்று, அவள் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருக்கும்போது பூனைபோல வந்து ஒன்று. பிடுங்கிவிட்டுப் பக்கத்திலேயே குந்திக்கொள்வார். சில சமயம் மூன்றும் தாமாக எழுந்தன. சில சமயம் ஒன்று சிதைந்துபோகும். அதை அழித்துவிட்டு எழுத்திலிருந்து புதிதாகக் கட்டுவாள். நாற்பது நிமிடம் இருபத்தாறாகி, பதினாலாகி, பதினொன்றில் நின்றது.

"திருப்புலி எந்திரிச்சுதா?" என்று அப்பா கேட்பார்.

"இன்னும் இல்லீங்க மாமா. மத்த ரெண்டும் எந்திரிச்சிருச்சு."

"உங்கத்தையும் அந்த நாடுதான். பொழுது கெளம்பி உச்சிக்கு வந்தாலும் எந்திரிக்க மாட்டா."

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும். "நான் எந்திரிக்காமத்தான் இத்தன வருசம் சோறு தின்னீங்களாக்கும். நாளையிலிருந்து அந்தப் பெட்டியவே ஆக்கிப்போடச் சொல்லுங்க."

தேர்வு ஒரு புதன்கிழமை, பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. காலையில் வானம் தெளிவாக இருந்தது. ராதிகாவின் தோளுக்குப் பின்னால் போனை ஒரு ஸ்டூலில் நிறுத்தினோம், அவள் கையும் திரையும் தெரிகிற மாதிரி. கம்பெனியிலிருந்து பார்த்தவர் பெயர் ஜொஹ்ரா. நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசவில்லை. எனக்கும் ஒரு வேலை இருந்தது: லேப்டாப்போடு அடுப்படியில் உட்கார்ந்து, கேட்கும்போது என் திரையைத் திறந்து காட்ட வேண்டும்.

முதல் பணி, புதிதாக ஒரு வி.எம். உண்டாக்கி மற்றவற்றோடு இணைப்பது. இரண்டாவது, புதிய ஆள் ஒருவருக்குத் திரை ஒதுக்கி, அவர் கைக்கு எட்டக் கூடாததை மறைப்பது. இரண்டையும் ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்தாள். ஜொஹ்ரா "சரிங்க" என்று மட்டும் சொன்னார். மூன்றாவதற்கு ஒரு சிறு கோப்பை அனுப்பி அதை ஓட்டச் சொன்னார். அது எங்கோ ஒரு கோளாறை வைத்துவிடும். எங்கே என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

கோளாறு என் திரையில்தான் தெரிந்தது. ஒருமுறை திறந்தது. மறுமுறை திறக்கவில்லை. மூன்றாம் முறை திறந்தது. ராதிகா திருப்புலிக்குள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அரை மணி நேரம் போயிற்று.

இரண்டு மணிக்கு இடி கேட்டது. தொலைவில்தான்.

அப்பா வந்து அறைக்கு வெளியே நின்றார். கைகள் இரண்டையும் அக்குளில் இறுக்கிக்கொண்டிருந்தார். என்னிடம் மெல்லச் சொன்னார்: "இன்னைக்கு நான் புடுங்க மாட்டேன். பரீச்ச நடக்குது."

அடுத்த இடி முன்னதைவிடக் கிட்டத்தில். ராதிகா திரும்பாமலே கேட்டாள். "மாமா, எங்கிட்டு வந்திருக்குது?"

"திருப்புலியத் தாண்டிருச்சு சாமி."

அவள் மூன்றையும் மூடக் கட்டளை கொடுத்தாள். வாழவந்தி மூடிக்கொண்டது. தேவனூர் மூடிக்கொண்டது. அறை ஒருமுறை வெளுத்து அடங்கியது. ஓட்டுக்கு மேலேயே இடித்தது போலிருந்தது.

"புடுங்குங்க," என்றாள்.

"இன்னும் ஒண்ணு மூடலியே. பரீச்ச..."

"பெட்டியே போயிருச்சுன்னா பரீச்ச எதுல எழுதறது? புடுங்குங்க மாமா."

அப்பா பிடுங்கினார்.

ராதிகா போனைத் தன் பக்கம் திருப்பினாள். "மேடம், மின்னல் ஊட்டுக்கு மேலயே இருக்குதுங்க. எல்லாத்தையும் புடுங்கியிருக்கோம். தாண்டினதும் மறுபடி எழுப்புவேன்."

ஜொஹ்ரா சொன்னார். "நேரத்த நிறுத்தி வெக்க எனக்கு அனுமதி இல்லீங்க. மூணு மணிக்கு முடிஞ்சிரும்."

"தெரியுமுங்க."

அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. மழை ஓட்டின் மேல் கொட்டியது. போன் அணையவில்லை, அந்தப் பக்கத்தில் ஜொஹ்ராவும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மௌனம் புதிதல்ல, அதில்தான் அதிகம் வாழ்கிறேன். ஆனால் என் மௌனத்தில் எதுவும் நடப்பதில்லை. ராதிகாவின் மௌனத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு தாளை எடுத்து மூன்று கட்டங்கள் போட்டாள். பக்கத்தில் முகவரிகளை எழுதினாள். பேனாவைக் கட்டத்துக்குக் கட்டம் நகர்த்தினாள். அரை மணி நேரம் திரைகளைத் திறந்து திறந்து தேடியவள், இப்போது தேட எதுவும் இல்லாத இடத்தில் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை திறக்கிறது, ஒருமுறை திறக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து ஒரு கட்டத்தைச் சுழித்து, தாளைப் போனுக்கு முன்னால் பிடித்தாள்.

"கோளாறு திருப்புலியில இல்லீங்க மேடம். தேவனூர்ல இருக்குது. அதுக்கு ஒரு முகவரி இருக்குது, அதோட திருப்புலியோட முகவரியையும் சேத்து எடுத்துக்கிட்டிருக்குது. ரெண்டு ஊட்டுக்கு ஒரே கதவு நம்பர். கடுதாசி ஒருக்கா இங்க வருது, ஒருக்கா அங்க போகுது."

"பாத்துட்டுச் சொல்றீங்களா, யூகமா?"

"யூகந்தானுங்க. பாக்கறதுக்குப் பெட்டி இல்லியே. எந்திரிச்சதும் மொதல்ல அங்கதான் போவேன்."

ஜொஹ்ரா தலையை அசைத்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு அப்பா வெளியே போய் மழையில் நின்று கேட்டுவிட்டு வந்தார். "போயிருச்சு." செருகினார். வாழவந்தி எழுந்தது. தேவனூர் எழுந்தது. திருப்புலி, மூடிக்கொண்டிருக்கும்போதே அறுபட்டது, எழவில்லை. ராதிகா தேவனூருக்குள் போனாள். அவள் சொன்னது போலவே அங்கே இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்றை எடுத்தாள். திருப்புலியை ஒருமுறை எழுப்பிப் பார்த்து, பிறகு அதை அழித்துவிட்டு, எழுதி வைத்ததிலிருந்து மறுபடி கட்டச் சொன்னாள். அப்போது மணி இரண்டு ஐம்பத்திரண்டு. பதினொரு நிமிடம் ஆகும் என்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். அவசரப்பட அதில் ஒன்றும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வரிகள் ஓடுவதைப் பார்த்தாள்.

"நேரம் முடிஞ்சுதுங்க," என்றார் ஜொஹ்ரா, சரியாக மூன்று மணிக்கு.

"சரிங்க மேடம்."

ஆனால் அவர் போனைத் துண்டிக்கவில்லை. ராதிகாவும் துண்டிக்கவில்லை. மூன்று மூன்றுக்கு அடுப்படியில் என் திரை திறந்தது. காலையில் நான் விட்ட பக்கம். மூடித் திறந்தேன். திறந்தது. பத்து முறை மூடித் திறந்தேன். பத்து முறையும் திறந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து போனுக்கு முன்னால் காட்டினேன்.

"பாத்தேனுங்க," என்றார் ஜொஹ்ரா. "ஆனா மூணு மணி வரைக்கும் பாத்ததத்தான் நான் எழுத முடியும்."

"அப்பிடித்தானுங்க எழுதணும்," என்றாள் ராதிகா.

அடுத்த ஆறு நாள் அப்பா அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அம்மா யாருக்கும் தெரியாமல் எங்கள் மலைச்சாமி மாசி பெரியசாமிக்கு வேண்டிக்கொண்டாள். ராதிகா கிழங்குக் காட்டில் களை எடுத்தாள். பெட்டியைத் தொடவில்லை.

ஏழாம் நாள் காட்டில் இருக்கும்போதுதான் மெயில் வந்தது. சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி நின்று திறந்தாள். நான் கீழே மண்வெட்டியோடு நின்றேன். மேலிருந்து கீழ்வரை படித்தாள். மறுபடி மேலே போனாள். பிறகு இறங்கிவந்து போனை என்னிடம் கொடுத்தாள்.

வேலை கிடைத்திருந்தது. கார்த்திகை பிறந்ததும் சேர வேண்டும், வீட்டிலிருந்தே. அதற்குக் கீழே தேர்வாளர் குறிப்பு இருந்தது. முதல் இரண்டு பணிகளும் முழுமை. மூன்றாவது பணி: இயந்திரம் அணைந்திருந்தபோதே கோளாறு சரியாக இனங்காணப்பட்டது, நேரத்துக்குள் முடிக்கப்படவில்லை.

அவள் என் கையிலிருந்த போனைப் பார்த்து அந்தக் கடைசி வரியை வாய்விட்டுப் படித்தாள்.

"நேரத்துக்குள் முடிக்கப்படவில்லை. சரியாத்தான் எழுதியிருக்காங்க," என்றாள். அவள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. "மூணு நிமிசங்க. திருப்புலியில தேவையில்லாம ரெண்டு புரோகிராம் ஏத்தறேன். அதத் தூக்கினா பதினொண்ணு எட்டுக்கு வந்திரும்."

மண்வெட்டியை என்னிடம் விட்டுவிட்டு, வரப்பில் வீட்டைப் பார்த்து நடந்தாள்.